பேசின் பிரிட்ஜ்ல வண்டி ஏன் நிக்குதுன்னு எனக்கு புரிய வச்ச பெரம்பூர் மாடல் ரயில் கிளப்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், லீவு நாள்ல பசங்கள கூட்டிட்டு போய் சும்மா ஒரு ரவுண்டு சுத்தி பாத்துட்டு வரலாம்னு போனீங்கன்னா இந்த கிளப் உங்களுக்கு பாதி தான் பிடிக்கும். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அவங்க நிஜ ரயில் மாதிரியே டைம்டேபிள் போட்டு குட்டி வண்டிங்கள வச்சு முழு செஷன் ஓட்டறாங்க, அந்த நாள் கேட்டு தெரிஞ்சிகிட்டு போங்க, போய் சிக்னல் போடற ஏதாவது ஒரு பேனல் முன்னாடி நில்லுங்க. அதுக்காக தான் இத எழுதறேன்.

நான் வடசென்னை கொருக்குப்பேட்டை பொண்ணு. ரயில்வே கேட் போட்டுட்டான்னு ஸ்கூலுக்கு லேட்டா போய் திட்டு வாங்காத நாளே கிடையாது. எங்க நைனா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நான் இப்ப பெங்களூர்ல வேல பாக்கறேன், வெள்ளிக்கிழம நைட்டு ஏறி சனிக்கிழம விடிகாலைல வந்துடுவேன். வந்துடுவேன்னா எங்க, பெரம்பூர்ல நிக்காத வண்டியா மாட்டுச்சுன்னா சென்ட்ரலுக்கு முந்தின பேசின் பிரிட்ஜ்ல வந்து நிக்கும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு தடவ முக்கா மணி நேரம். ஜன்னல் வழியா பாத்தா நம்ம ஏரியா தெரியுது, இறங்கி நடந்தா வீட்டுக்கே போயிடலாம், ஆனா வண்டிக்குள்ள பையோட வாசப்படில நின்னுட்டு இருக்கணும். இந்த ஊர்ல சென்ட்ரலுக்கு வந்த எல்லாருக்கும் இந்த கோவம் இருக்கும். ஏன் நிக்குதுன்னு யாரும் எனக்கு சொன்னது இல்ல, நைனாவ கேட்டா "சிக்னல் குடுக்கல" அப்படின்னு முடிச்சிடுவாரு, அவரு பெட்டி ஆளு, லைன் ஆளு இல்ல.

கிளப் இருக்கறது பெரம்பூர்ல, ஒரு பழைய மண்டபத்தோட ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படி செங்குத்தா இருக்கு, நைனாவுக்கு முட்டி வலி, நடுவுல குந்தி குந்தி தான் ஏறினாரு. கீழ ஒரு சேர் போட்டு வச்சா புண்ணியமா போகும். உள்ள போனா இன்னொரு கஷ்டம், ஃபேன் போட மாட்டாங்க. குட்டி குட்டி மரம், மனுஷங்க, தூசி எல்லாம் பறக்கும்னு சீலிங் ஃபேன ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, ஓரத்துல மட்டும் ரெண்டு பெடஸ்டல் ஃபேன் சுவத்த பாத்து ஓடுது. மே மாசத்துல போனா துண்டு எடுத்துட்டு போங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஹால் நீளம் எப்படியும் எழுபது அடி இருக்கும், அதுல சுவரோரமா ஓடி நடுவுல ரெண்டு தடவ மடங்கி வர்ற மாதிரி லேஅவுட், அதாவது சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போற லைனோட குட்டி மாடல். ஹெச்ஓ ஸ்கேல், அதாவது 87ல ஒரு பங்கு. கணக்கு போட்டு பாருங்க, இந்த அளவுல 1 கிலோமீட்டர்னா பதினொன்னரை மீட்டர். சென்ட்ரல்ல இருந்து பேசின் பிரிட்ஜ் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், அது ஒண்ணுக்கே 75 அடி வேணும், ஹாலே பத்தாது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் நிஜ அளவுல செய்யணும்னா அரை கிலோமீட்டருக்கு மேல போகும். அதனால எங்க சுருக்கறது எங்க சுருக்க கூடாதுங்கறதுல தான் ஒரு லேஅவுட்டோட தரமே இருக்கு, அதுல இவங்க எடுத்த முடிவு எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. சென்ட்ரல்ல 6 பிளாட்பாரம் மட்டும் வச்சாங்க. திருவொத்தியூர், எண்ணூர் பக்கம் எல்லாம் ஸ்டேஷனுக்கு நாலடி அஞ்சடி தான். ஆனா பேசின் பிரிட்ஜ் ஜங்ஷன மட்டும் கை வைக்கல. பிரியற லைன், சேர்ற லைன், யார்டு, வண்டிய ஒரு லைன்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தற எல்லா பாயின்ட்டும் அப்படியே. ஹால்ல மூணுல ஒரு பங்கு அது ஒண்ணே பிடிச்சிருக்கு.

காலம் 1995னு வச்சிருக்காங்க. மெட்ராஸ் சென்ட்ரல்னு தான் போர்டு. பழைய யானைகவுனி பாலம் இருக்கு, இடிக்கறதுக்கு முன்னாடி இருந்த அதே பாலம், மேல ஒரு மீன்பாடி வண்டி ஏற முடியாம நிக்குது, பின்னாடி ரெண்டு பேர் தள்ளறாங்க. 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்ச இடத்துல வந்த சபர்பன் கட்டிடமும் இருக்கு. பீச் ஸ்டேஷன் பக்கம் மீட்டர் கேஜ் லைன், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர் தான். 1931ல எலக்ட்ரிக் ஆகி 2004 வரைக்கும் தாம்பரத்துக்கு ஓடுச்சே அந்த மீட்டர் கேஜ் யூனிட்டு, அதுவும் ஓடுது, சின்னதா, ஒல்லியா, ஒரு மாதிரி ஆடிக்கிட்டே வருது. எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. எதிர்ல ஒரு அத்தோ வண்டி, கல்லு மேல நூடுல்ஸ்க்கு பதிலா மஞ்ச நூல சுருட்டி வச்சிருக்காங்க, எங்க அக்கா பொண்ணு அத தான் பத்து நிமிஷம் பாத்துட்டு இருந்தா. பக்கிங்ஹாம் கால்வாய் தண்ணி ரெசின்ல ஊத்தினது, கறுப்பா. நீலமா ஊத்தலாமேன்னு யாரோ சொன்னாங்களாம், நம்ம கால்வாய நாம நீலமா பாத்திருக்கோமான்னு கேட்டு கறுப்பே ஊத்திட்டாங்க. சரியா செஞ்சாங்க.

ஒரு குறை இங்க சொல்லணும். ராயபுரம் ஸ்டேஷன ஒரு தூணுக்கு பின்னாடி வச்சிருக்காங்க. தென்னிந்தியாவோட முதல் வண்டி 1856 ஜூலை 1ம் தேதி கிளம்பின இடம் அது, ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும், நாட்டுல இன்னும் நிக்கிற ஸ்டேஷன் கட்டிடத்துலயே பழசு. மாடலும் அற்புதமா செஞ்சிருக்காங்க, முன்னாடி இருக்கற தூண் வரிசைய ஒவ்வொண்ணா உருட்டி எடுத்து ஒட்டினது. அத பாக்க கழுத்த ஒடிச்சுக்க வேண்டியதா இருக்கு. லைன் வர்ற திசைக்கு அங்க தான் வந்துச்சுன்னு சொன்னாங்க, நியாயம் தான், ஆனாலும் ஒரு கண்ணாடியாவது எதிர்ல மாட்டி வைங்கப்பா.

தண்டவாளம் பத்தி கொஞ்சம். நம்ம பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், அத 87ஆல வகுத்தா 19.3 மில்லிமீட்டர் வரணும். ஆனா கடைல கிடைக்கற ஹெச்ஓ டிராக் 16.5 தான், அது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்கு செஞ்சது. அதனால வண்டிய நேர் எதிர்ல இருந்து பாத்தா பெட்டி அகலமா சக்கரம் உள்ளடங்கி தெரியும். ஒரு மெம்பர் இத பத்தி இன்னும் வருத்தப்பட்டுட்டே இருக்காரு, கையாலயே 19.3ல ஒரு ரெண்டடி டிராக் போட்டு ஒரு வேகன ஓட்டி காட்டினாரு, உண்மையிலயே அழகு தான், ஆனா அத்தன பாயின்ட்டையும் கையால செய்யணும்னா எந்த காலத்துல முடியும். மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் டிராக், அது கணக்குக்கு நல்லாவே ஒத்து வருது. இஞ்சின் விஷயத்துல இவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், நம்ம டபிள்யூடிஎம் 2 டீசல் அமெரிக்காவோட ஆல்கோ டிசைன் தானே, அந்த ஊரு ஆல்கோ மாடல்ல இருந்து மோட்டார் அடிப்பாகம் எடுத்து மேல பாடிய 3டி பிரிண்ட் போட்டு மாட்டிடறாங்க. பெட்டி எல்லாம் நம்ம பெரம்பூர் கோச் ஃபேக்டரி ஐசிஎஃப் மாடல்ல சொந்தமா செஞ்சது, செங்காவி கலர், ஒவ்வொண்ணும் இருபத்தி நாலரை சென்டிமீட்டர். 18 பெட்டி மாட்டினா வண்டியே 15 அடி வந்துடும்னு 9 பெட்டியோட நிறுத்திக்கறாங்க.

கடக்காத்து தான் இவங்களுக்கு பெரிய எதிரி. உப்பு ஈரமும் தூசியும் சேர்ந்து தண்டவாளத்துல படிஞ்சா சக்கரத்துக்கு கரண்ட் ஏறாது, வண்டி திக்கி திக்கி நிக்கும். நிக்கல் சில்வர் ரெயில் போட்டும் தப்பிக்க முடியல. அதனால செஷன் அன்னிக்கு காலைல ஒரு மணி நேரம் எல்லாரும் ஆளுக்கொரு துணில ஆல்கஹால் தொட்டு துடைக்கறாங்க, ரிட்டயர்டு ஆபீசர்ல இருந்து பாலிடெக்னிக் பையன் வரைக்கும். கை எட்டாத இடத்துக்கு ஒரு வேகனுக்கு அடில ஹார்ட்போர்டு துண்டு மாட்டி இழுத்துட்டு போறாங்க, அது தேச்சுகிட்டே போகும். நான் போன நாள்ல எனக்கும் ஒரு துணி குடுத்தாங்க. வேடிக்க பாக்க வந்தவங்க கைல வேல குடுக்கற இடம் எனக்கு பிடிக்கும்.

செஷன் ஆரம்பிச்சா சுவத்துல ஒரு கடிகாரம் வேகமா ஓடும், நம்ம பத்து நிமிஷம் அங்க ஒரு மணி நேரம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு ஆளு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டிரைவர். டிசிசி சிஸ்டம், ஒரே தண்டவாளத்துல பத்து வண்டி நின்னாலும் நம்ம கைல இருக்கற கன்ட்ரோலர் நம்ம வண்டிய மட்டும் தான் நகத்தும், ஒவ்வொரு இஞ்சின்லயும் ஒரு நம்பர் போட்ட சில்லு இருக்கு. அக்கா பொண்ணு கைல ஒரு கூட்ஸ் வண்டிய குடுத்துட்டாங்க, தண்டையார்பேட்டை யார்டுல இருந்து டேங்கர் வேகன். ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள், சர்வீஸ் பூரா டிரைவரா இருந்தவரு, பக்கத்துல ஸ்டூல் போட்டு அவள ஏத்தி நிக்க வச்சு சொல்லி குடுத்தாரு, "மொத்த வண்டியையும் ஒண்ணா இழுக்காத கண்ணு, ஒரு ஒரு பெட்டியா இழு, கப்ளிங் இறுகற சத்தம் கேக்கும் பாரு, கடைசி பெட்டி நகந்தப்புறம் வேகம் குடு." அவளும் மூச்ச பிடிச்சிட்டு அப்படியே செஞ்சா, ஒன்பது வயசு.

எனக்கு பேசின் பிரிட்ஜ் பேனல் கிடைச்சுது. கிடைச்சுதுன்னா, நான் கேட்டு வாங்கினேன். பேனல் செஞ்சவரு ரயில்வே சிக்னல் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ரிலேவ, அதாவது கரண்ட்ல இயங்கற சுவிட்ச, அடுக்கி நிஜ ரூட் ரிலே இன்டர்லாக்கிங் மாதிரியே கட்டியிருக்காரு. ரெண்டு பட்டன அமுக்கி ரூட் போட்டா உள்ள டக் டக்னு வரிசையா ரிலே அடிக்கற சத்தம், பாயின்ட் ஒவ்வொண்ணா திரும்பி பூட்டிகிட்டா தான் சிக்னல் மஞ்சளோ பச்சையோ ஆகும். ஒரு ரூட்டுக்கு குறுக்க இன்னொண்ணு போட முயற்சி பண்ணா என்ன அமுக்கினாலும் ஏறாது. அவரு சொன்ன ஒரு விஷயம் மண்டைல நின்னுடுச்சு. நிஜ சிக்னல் ரிலேல கரண்ட் இருந்தா தான் உள்ள இருக்கற துண்டு மேல தூக்கி நிக்கும், கரண்ட் போச்சுன்னா தன்னோட வெயிட்லயே கீழ விழுந்துடும், விழுந்தா சிவப்பு. கம்பி அறுந்தாலும் சிவப்பு, ஃபியூஸ் போனாலும் சிவப்பு. கெட்டுப் போனா கூட வண்டிய நிறுத்தற பக்கமா தான் கெட்டுப் போகணும், அப்படி யோசிச்சு செஞ்ச சாமானாம்.

பக்கத்துல ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் நின்னாரு. அரை மணி நேரத்துல எனக்கு வேர்த்து கொட்டிடுச்சு. அரக்கோணம் பக்கத்துல இருந்து பெரம்பூர், வியாசர்பாடி வழியா வர்றது ஒரு பக்கம். கும்மிடிப்பூண்டி பக்கத்துல இருந்து கொருக்குப்பேட்டை வழியா வர்றது ஒரு பக்கம். பீச்ல இருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியா இன்னொண்ணு. இதெல்லாம் நான் பிறந்ததுல இருந்து கேட்டுட்டு வர்ற பேரு, ஆனா எல்லாம் என் பட்டனுக்கு கீழ ஒரே இடத்துல வந்து குவியும்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது. அது கூட பரவால்ல. நான் கணக்குல எடுக்காதது காலி வண்டிங்கள.

சென்ட்ரல் முட்டுச்சந்து. வந்த வண்டி அப்படியே முன்னாடி போக முடியாது, இஞ்சின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவுல மாட்டிக்கும். ஜனங்க இறங்கினதும் பின்பக்கம் வேற ஒரு இஞ்சின் வந்து மாட்டி காலி ரேக்க, அதாவது மொத்த பெட்டி வரிசைய, இழுத்துட்டு பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு போகணும், அங்க அடில குழி வெட்டின பிட் லைன்ல தான் கழுவறது, தண்ணி நிரப்பறது, அடில செக் பண்றது எல்லாம். அப்புறம் தான் மாட்டிகிட்ட இஞ்சின் வெளிய வரும். கழுவி முடிச்ச ரேக்க திரும்ப பிளாட்பாரத்துக்கு தள்ளணும். அப்புறம் தான் அது கிளம்பும். டைம்டேபிள்ல நாம பாக்கறது வர்றது ஒண்ணு போறது ஒண்ணு, ரெண்டு தான். பேசின் பிரிட்ஜ் பேனல்ல நிக்கறவனுக்கு அது அஞ்சு. அதுல யார்டுக்கு போற ரேக்கு ஒண்ணு லைன குறுக்கால வெட்டிட்டு போச்சுன்னா அது முழுசா தாண்டற வரைக்கும் வேற யாருக்கும் வழி கிடையாது, ஆளில்லாத ரேக்கு மெதுவா தான் போகும்.

நான் என்ன பண்ணேன்னா, பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வருதுன்னு கொருக்குப்பேட்டை பக்கம் லோக்கல நிறுத்தி வச்சிட்டு பிருந்தாவனுக்கு ரூட் போட்டேன். பிளாட்பாரம் காலி இல்ல. அங்க கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ரேக்கு இன்னும் வெளிய வரல, ஏன்னா அத வெளிய எடுக்கற ரூட்ட நான் தான் போடல. ஆக பிருந்தாவன் ஸ்டேஷனுக்கு வெளிய அவுட்டர்ல நிக்குது, லோக்கல் கொருக்குப்பேட்டைல நிக்குது, சென்ட்ரல்ல இருக்கற பையன் "அக்கா ரேக்க எடுங்க, ரேக்க எடுங்க" ன்னு கத்தறான், பின்னாடியே டேங்கர் வேகனோட அக்கா பொண்ணு வந்து நின்னு "சித்தி சிக்னல் குடு" ங்கறா.

நான் மாஸ்டர பாத்தேன். அவரு பேனல தொடவே இல்ல. "முதல்ல எத எடுத்தா மத்தது அவுறும்னு பாரும்மா, எது முக்கியமான வண்டின்னு பாக்காத" ன்னாரு.

காலி ரேக்கு. அத எடுத்தா பிளாட்பாரம் காலி, பிருந்தாவன் உள்ள போயிடும், அது போயிட்டா லோக்கலுக்கு வழி. பட்டன அமுக்கி, டக் டக்னு ரிலே அடிச்சு, அந்த ஆளில்லாத ஒன்பது பெட்டி யானைகவுனி பாலத்துக்கு கீழ மெதுவா ஊந்து வந்து யார்டுக்குள்ள போற வரைக்கும் பிருந்தாவன அவுட்டர்ல நிறுத்தி தான் வச்சிருந்தேன். சுவத்து கடிகாரத்துல 18 நிமிஷம். வேற வழியே இல்ல, நானும் எல்லா வழியும் யோசிச்சு பாத்துட்டேன். இத்தன வருஷமா வாசப்படில நின்னு யார திட்டிட்டு இருந்தேனோ அந்த ஆளு இடத்துல நின்னுட்டு இருந்தேன், அவருக்கு இது ஒரு நாளைக்கு எத்தன தடவ நடக்கும்னு நினைச்சா மனசு என்னமோ பண்ணுச்சு.

புனே கோத்ருட்ல இருக்கற ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் பாத்திருக்கேன், 1998ல ஆரம்பிச்சது, அதுவும் அருமையான இடம், லைட்ட அணைச்சு ராத்திரி மாதிரி பண்ணி வண்டி ஓட்டுவாங்க, உக்காந்து பாக்கற ஷோ அது. ஹாம்பர்க்ல 2001ல ஆரம்பிச்ச மினியேச்சர் வொண்டர்லேண்ட் வீடியோல பாத்திருக்கேன், ஆல்ப்ஸ் மலையே இருக்கு. அந்த அழகோட இத ஒப்பிட கூடாது. இங்க மலை இல்ல, பாதி கட்டிடம் இன்னும் வெறும் அட்டையா நிக்குது, எண்ணூர் பக்கம் பிளைவுட் மழைக்கு உப்பி ஒரு இடத்துல வண்டி தடம் புரளுது. ஆனா ஒரு ஊரு எப்படி நகருதுங்கறத கைல குடுத்து காட்டற லேஅவுட்டு நான் பாத்ததுல இது ஒண்ணு தான்.

இவங்க திருத்திக்க வேண்டியது இன்னும் ரெண்டு மூணு இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு ஒரு தாள்ல லைன் படம் போட்டு குடுக்கலாம், நமக்கு ஏரியா தெரியும் அதனால சமாளிச்சேன், வேளச்சேரில இருந்து வர்றவங்க என்ன பண்ணுவாங்க. பசங்களுக்கு ஸ்டூல் மொத்தமே ரெண்டு தான், பலகை நாலடி உயரம், பின்னாடி நிக்கற பசங்களுக்கு ஒண்ணும் தெரியல. லேடீஸ் டாய்லெட் கீழ மண்டபத்துல, சாவி வாட்ச்மேன் கிட்ட, அத ஏறும்போதே சொல்லிடணும். டிக்கெட்டு கிடையாது, வாசல்ல உண்டியல் இருக்கு, தாராளமா போடுங்க, ரெசினும் ரிலேவும் எல்லாம் அவங்க பென்ஷன்ல வாங்கறது. பொம்பளைங்க அன்னிக்கு என்னோட சேத்து மூணு பேர் தான், ஆனா யாரும் ஒரு மாதிரி பாக்கல, பேனல் கேட்ட உடனே குடுத்தாங்க.

அடுத்த வாரம் பெங்களூர்ல இருந்து வந்தேன், விடிகாலை, பேசின் பிரிட்ஜ்ல நின்னுச்சு. எல்லாரும் முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. நான் அந்த பக்கத்து கதவுக்கு போய் எட்டி பாத்துட்டு இருந்தேன், கொஞ்ச நேரத்துல லைட்டெல்லாம் அணைஞ்சு ஒரு ரேக்கு சென்ட்ரல் பக்கத்துல இருந்து மெதுவா வந்துச்சு, ஒரு ஜன்னல்ல கூட ஆள் இல்ல. கடைசி பெட்டி தாண்டினதும் பக்கத்துல நின்ன அண்ணன் கிட்ட "இப்ப எடுத்துடுவான்ணே" ன்னேன். ரெண்டு நிமிஷத்துல எடுத்தான்.

நைனாவ பத்தி சொல்லாம விட்டுட்டேன். செஷன் ஓடறப்ப அவரு ஒரு ஓரமா சேர்ல உக்காந்து யார்டுல நின்ன பெட்டிங்கள ஒவ்வொண்ணா கைல எடுத்து திருப்பி பாத்துட்டு இருந்திருக்காரு. எல்லாம் முடிஞ்சப்புறம் கிளப் ஆளுங்கள கூப்பிட்டு, "இன்னாப்பா இது, எல்லா பெட்டிக்கும் அடில ரெண்டு பக்கமும் ஆல்டர்னேட்டர் மாட்டி வச்சிருக்கீங்க, ஏசி பெட்டிக்கு தான் ரெண்டு, சாதா செகண்ட் கிளாஸுக்கு ஒண்ணு தான் வரும், பெல்ட்டும் இல்ல" ன்னாரு. வண்டி ஓடறப்ப பெட்டிக்கு கரண்ட் எடுக்கற மெஷின் தான் ஆல்டர்னேட்டர். அவங்க ஒரு நிமிஷம் ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டாங்க. அப்புறம் ஒருத்தர் நோட்டு எடுத்துட்டு வந்து அவரு பக்கத்துல தரைல உக்காந்துட்டாரு. இப்ப வாரா வாரம் நைனா முட்டி வலியோட அந்த படிய ஏறி போறாரு. நாப்பது பெட்டிக்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்க ஆல்டர்னேட்டர கழட்டிட்டு மீதி இருக்கறதுக்கு கறுப்பு ரப்பர் நூல்ல பெல்ட் மாட்டிட்டு இருக்காரு, பதினோரு பெட்டி முடிஞ்சிருக்கு.